இறந்தார் கண்ணும் இருப்பார் பார்வையும்

கண்ணின் முன்புறத்தே கண்ணாடி போல் நின்று ஒளியை உள்ளே விடும் படலத்தை வைத்தியர்கள் கார்னியா என்பர். சுண்ணாம்பு பட்டோ புண்பட்டோ அது வெளுத்துவிட்டால், மற்றப் பாகங்கள் பழுதின்றி இருந்தும் மனிதன் குருடனாகிறான். நம்மவருள் பலர் இதனைத் தலைவிதி என்று சொல்லிக் கைகட்டி இருந்துவிடுவர். அங்ஙனம் இராதவர் சிலரின் உழைப்பையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

1905-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி, இன்று செக் நாட்டைச் சேர்ந்த ஓலொமோட்ஸ் நகரில், டாக்டர் எட்வார்ட் சிர்ம் என்பார், சுண்ணாம்பினால் கண்ணிழந்த ஒரு கூலித் தொழிலாளிக்குப் பிறர் கார்னியாவைப் பொருத்தினார். ஒரு கண்ணில் பார்வை நிலைத்தது. அப்படலமோ, காயத்தால் பயனற்றுப்போய் எடுக்கப்பட்ட ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து கிடைத்தது. ஒருவன் கண் எடுக்கப்படும் நாளும் மற்றொருவன் கண் வேண்டி நிற்கும் நாளும் ஒன்றாய் வாய்த்தாலன்றி இச்சிகிச்சை நடவாது. எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கும்?

இத்தடையைத் தகர்த்தவர் ஒடெஸ்ஸா நகரத்து விளாடிமிர் பிலாட்டோவ். இறந்தார் கண்ணைக் குளிரில் வைத்திருந்தும் பயன்படுத்தலாம் என்பதை 1930-க்குப் பிந்திய ஆண்டுகளில் அவர் நிலைநாட்டினார். 1944-ல் டாக்டர் டௌன்லி பேட்டன் நியூயார்க்கில் கண் வங்கி தொடங்கினார்.

ஆயின், பண வங்கியில் இட்ட முதல் நாளுக்கு நாள் வளரும். கண் வங்கியில் இட்ட முதலோ நாளுக்கு நாள் தேயும். கார்னியாவின் உட்புறத்தே ஒரே வரிசையாய்ப் பதிந்துள்ள உயிரணுக்கள், ஓயாது நீரை இறைத்து அதனைத் தெளிவாக வைத்துள்ளன. அவை பெருவாரியாய் மடிந்தால் படலம் நீர்கோத்து மங்கும். மடிந்தவற்றின் இடத்தில் புதியன தோன்றுவது மனிதர்க்கு இல்லையென்றே சொல்லலாம். ஆகவே, படலத்தைக் காத்தல் என்பது இவ்வணுக்களின் உயிரைக் காத்தலேயாம்.

தொடக்கத்தில் முழுக் கண்ணையும் ஈரமான குப்பியில் இட்டு 4 டிகிரி குளிரில் வைத்தனர். ஏறக்குறைய 2 நாளுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். இலங்கை டாக்டர் ஹட்சன் சில்வா 1964-ல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பிய காலத்தில் பனிக்கட்டியே துணை. 1974-ல் மக்கேரி, காப்மன் என்னும் இருவர், கார்னியாவை மட்டும் எடுத்து ஊட்ட நீரில் வைக்கும் முறையை வெளியிட்டனர். அதிற் கலந்த டெக்ஸ்ட்ரான் நீர்கோப்பைத் தடுத்தது. 2 நாள் 4 நாளாயிற்று. பின்வந்த ஆப்டிசால் என்னும் ஊட்ட நீர் 14 நாள் வரை இடங்கொடுத்தது. ஐரோப்பாவிலோ, குளிரில் வையாது, 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஏறக்குறைய 4 வாரம் காக்கின்றனர்.

வைத்திருக்கலாம் என்பதும், வைத்தது நன்கு பலிக்கும் என்பதும் ஒன்றா? அமெரிக்காவில் 1,330 கண்களில் உள்ளடுக்கை மாற்றிச் சோதித்த ஆராய்ச்சியின் முடிவு 2017-ல் வெளிவந்தது. 7 நாள் வரை வைத்த கார்னியாக்கள் 3 ஆண்டு கழிந்தபின் 100-க்கு 95.3 வெற்றி பெற்றன. 8 முதல் 14 நாள் வைத்தவை 92.1 பெற்றன. வேற்றுமை சிறிதே, எனினும் உண்டு. அவசரமின்றி நாள் குறித்து, கண்ணைச் சோதித்துச் சிகிச்சை செய்ய அறிவியல் அவகாசம் தந்தது. வீணாக நாள் கடத்த உரிமை தரவில்லை.

மேலும், குப்பிக்குள் சென்ற பின்னரே இவ்வளவு பாதுகாப்பும். இறந்த சுமார் 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தல் நலம். அந்நேரத்தில் நம் வீடுகளில் நடப்பது யாது? "கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாய்ப் பிறப்பான்" என்று யாரோ ஒரு பெரியவர் சொல்கிறார். வீடே வாயடைத்து நிற்கிறது. அப்பிறவியைக் கண்டவர் யார்? இப்பிறவியில் இருளில் இருப்பவனை நாம் எல்லாரும் காண்கின்றோமே!

தோழர்களே! உயிரோடிருக்கும்போதே உங்கள் விருப்பத்தை மனைவி மக்களிடம் சொல்லி வையுங்கள். அறிஞர் நூறாண்டு முயன்று சேர்த்தவை சில நாட்கள். நம் மடமை கெடுப்பது முதற் சில மணிகள். கெட்ட அம்மணிகளை எந்த ஊட்ட நீரும் மீட்டுத் தராது.