மேகம் எரிந்த இரவு

பிரெஞ்சில் மேகத்துக்கு 'நுவாஜ்' என்று பெயர். 'கிளவுட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பதிலாக 'ஆன்ஃபொர்மத்தீக் ஆன் நுவாஜ்' என்று எழுத வேண்டும் என 2010-ல் பிரெஞ்சு அரசிதழ் அறிவித்தது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. மேகத்தில் வைத்த கோப்பு மழைக்கு என்ன ஆகும்?

தகவலைத் தூரத்தில் வைத்து வீட்டிலிருந்து பார்ப்பது பிரான்ஸுக்குப் புதிதல்ல. 1982-ல் அங்கே 'மினிடெல்' பரவத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பியில் இணைத்த ஒரு சின்னத் திரை. அதில் தொலைபேசி எண் தேடலாம், ரயில் டிக்கெட் எடுக்கலாம். அந்தப் பெட்டிக்குள் ஒன்றும் கிடையாது. எல்லாம் எங்கோ ஒரு பெரிய கணினியில் இருந்தது. 1984-ல் பியாரிட்ஸ் நகரத்தில், முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியைக் கண்ணாடியிழைக் கம்பி வழியாக வீடுகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். மினிடெல் 2012 ஜூன் 30-ல் நிறுத்தப்பட்டது. யோசனை மட்டும் நிற்கவில்லை.

2020 மார்ச் 17-ல் பிரான்ஸில் ஊரடங்கு வந்தது. அலுவலகக் கூட்டங்கள் திரைக்குள் போயின. கோப்பும் குறிப்பும் முன்னைவிட வேகமாக மேகத்துக்குப் போயின.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2021 மார்ச் 10, நள்ளிரவு கழிந்த நேரம். ஸ்ட்ராஸ்பூர் நகரில் ரைன் நதிக்கரையில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்தது. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பகுதியும் போயிற்று. நதியிலிருந்து தீயணைப்புப் படகும் வந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சுமார் 36 லட்சம் இணையதளங்கள் முடங்கின என்று நெட்கிராஃப்ட் கணக்கிட்டது. பாரிஸின் பொம்பிது கலை மையத்தின் தளமும் அவற்றில் ஒன்று. 'ரஸ்ட்' என்ற கணினி விளையாட்டை நடத்துபவர்கள், தங்கள் ஐரோப்பிய சேவையகங்களில் இருந்த தரவு இனித் திரும்பாது என்று அறிவித்தார்கள்.

வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் சில நாளில் எழுந்துவிட்டார்கள். நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலர் இரண்டையும் இழந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஒரு மழைக்காலத்தில் பதிவறைக் கூரை ஒழுகியது. இறந்துபோன ஊழியர் ஒருவரின் பணிப்பதிவேடு கூழாகிவிட்டது. நகல் எங்கே என்று தேடினால், அடுத்த தட்டிலேயே, அதுவும் நனைந்து கிடந்தது. அங்கே அடுக்கி வைத்தவன் நான்தான். அவருடைய மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்காக எட்டு மாதம் நடந்தார். "தம்பி, இன்னைக்காவது கிடைச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே படியேறுவார். கடைசியில், கருவூலத்தில் இருந்த பழைய சம்பளப் பட்டியல்களைப் பார்த்துத்தான் அவருடைய கணவரின் பணிக்காலத்தைத் திரும்ப எழுதினோம். கருவூலம் வேறு தெருவில், வேறு கூரையின் கீழ் இருந்ததால் அந்த அம்மாவுக்கு ஓய்வூதியம் கிடைத்தது.

மேகம் என்பது ஒரு கட்டடம்தான். அதற்கும் கூரை உண்டு, மின்சாரம் உண்டு, தீயும் உண்டு. எனவே உங்கள் அலுவலகத்தில் "எல்லாம் மேகத்தில் பத்திரமாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள்: அது எந்த ஊரில் இருக்கிறது? நகல் எந்த ஊரில் இருக்கிறது?

இந்தக் கட்டுரைகளின் நகல் ஒன்றை ஒரு பென் டிரைவில் போட்டு மகள் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். அவள் இருப்பது வேறு ஊரில்.