அரை மணி நேரச் சோறு

1918-இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, 30 நிமிட மதிய இடைவேளையை 40 ஆக்குங்கள் என்பது. வெறும் பத்து நிமிடம். அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அந்த அரை மணியை எண்ணிப் பார்க்க வேண்டும். தறியை விட்டு வந்து, பஞ்சுத் தூசியைக் கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து, மென்றும் மெல்லாமலும் விழுங்கி, சங்கு ஊதுவதற்குள் ஓட வேண்டும். வெயிலைப் பார்த்து வயலில் வேலை செய்து பழகியவர்களுக்கு ஆலை வேலை புதிது. அன்றைய சட்டமே ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரத்தை அனுமதித்தது. பசியோடு சேர்த்து மேலாளர்களின் ஏச்சையும் விழுங்கினார்கள்.

அந்த ஆண்டு ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். கூலியோடு மரியாதையையும் அது கேட்டது.

அந்த அவசரம் இன்றும் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பேத்தி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டுவருவாள். "எழுந்து போனா, வேலை தெரியாதவள்னு நினைப்பாங்க தாத்தா" என்பாள். அவளுக்குத் தூக்கமும் போயிற்று, தன்மேல் இருந்த நம்பிக்கையும் போயிற்று.

1948-இன் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்குமேல் இடைவேளையின்றி தொழிலாளர்களிடம் வேலை வாங்கக்கூடாது என்றது. புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைகளே, இடைவேளை யாரும் போடும் பிச்சை அல்ல. நம் முன்னோர் போராடிக் கேட்டது. உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிடுங்கள்.