தொட்ட கையும் திறந்த கையும்

விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'குஷ்டரோகி' என்ற சொல் வருமிடங்களை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். மாற்கு நற்செய்தியின் முதல் இயலில் அப்படி ஒருவன் இயேசுவின்முன் மண்டியிடுகிறான். இயேசு மனமிரங்கிக் கைநீட்டி அவனைத் தொடுகிறார். அதன் பிறகே நலந்தரும் சொல்லைச் சொல்கிறார். இந்த வரிசை கவனிக்கத்தக்கது. லூக்கா நற்செய்தியில் தொழுநோயாளர் பத்துப் பேர் தொலைவில் நின்றபடி வேண்டி, தொடப்படாமலேயே குணமடைகின்றனர். ஆக, நோயைத் தீர்க்கத் தொடவேண்டிய தேவை இல்லை. நோயாளி பாளையத்துக்கு வெளியே தனித்து வாழவேண்டும் என்பது லேவியர் நூலின் சட்டம். அச்சட்டத்தை மீறிய அந்தத் தொடுகை நோய்க்காக அன்று, மனிதனுக்காக. நோய் நீங்கிய பின் தொடுவது எவர்க்கும் எளிது. நீங்கும் முன்பே தொட்டதில்தான் அக்காட்சியின் பொருள் இருக்கிறது.

இக்காட்சிக்கு நம் மண்ணிலேயே எழுதப்பட்ட ஓர் உரை உண்டு என நமக்குத் தோன்றுவதுண்டு. அது ஏட்டில் எழுதப்பட்டதன்று, கைகளில் எழுதப்பட்டது.

1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். பெற்றோர் ஜெஸ்ஸியும் எவலினும் அங்கே பணியாற்றிய கிறித்தவ ஊழியர்கள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட சிறுவன், 1929இல் காய்ச்சலால் இறந்த தந்தையை மீண்டும் காணவேயில்லை. முதலில் தச்சும் கொத்துவேலையும் பயின்று, பின்னரே மருத்துவம் கற்று, 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

அடுத்த ஆண்டு, தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கச் செங்கற்பட்டு தொழுநோய் இல்லத்துக்குச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிப் பறவையின் நகம்போல் வளைந்த கையுடன் ஒரு நோயாளியைக் கண்டார். அந்தக் கையில் தம் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு வலியால் கத்தும் நிலை. முடமெனக் கருதப்பட்ட கையில் வலிமையான தசைகள் இன்னும் உயிரோடு இருந்தன. தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதுதான் அந்த மனிதருக்குத் தெரியவில்லை, உணர்ச்சி போயிருந்தது.

ஒரு கைகுலுக்கலுக்கு ஈடான அச்சிறு செயலிலிருந்து ஒரு மருத்துவத் துறை வளர்ந்தது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்பதே அதுவரை பரவலான எண்ணம். வலி தெரியாததால் சூட்டிலும் வெட்டிலும் அழுத்தத்திலும் ஏற்படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்று பிராண்டும் உடன் உழைத்தோரும் படிப்படியாகக் கண்டறிந்தனர். இரவில் உறங்குவோரின் விரல்களை எலிகள் கடிப்பதையும் கண்டுபிடித்தார்கள். அதற்கு அவர்கள் கண்ட மருந்து, ஊர் திரும்பும் நோயாளியிடம் ஒரு பூனையைக் கொடுத்தனுப்புவது! சிறு கருணைக்கு இதனினும் எளிய வடிவம் இருக்க முடியுமா?

நல்ல நிலையிலிருந்த தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களைத் திறக்கும் அறுவைச் சிகிச்சை 1948 அளவில் தொடங்கியது. ஆனால் கை திறந்ததும் வாழ்வு திறந்துவிடவில்லை. சிகிச்சை பெற்றுச் சென்றவர்களில் சிலர், திருந்திய கைகளைப் பார்த்து எவரும் பிச்சையிடுவதில்லை என்ற குறையோடு திரும்பி வந்தனர். உடலைச் சீராக்கி மனிதனைத் தெருவிலேயே விட்டுவிடும் கருணை பாதிக் கருணையே. பின்னர் 'புதுவாழ்வு' என்று பொருள்படும் பெயரில் ஒரு குடியிருப்பு எழுந்தது. அங்கே நோயாளர்கள் மரப் பொம்மைகள் செய்யக் கற்றனர். மருத்துவர் இளமையில் பயின்ற தச்சுத்தொழில் அங்கே பயன்பட்டது.

பிராண்ட் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஓர் இளைஞரின் கைகளைச் சோதித்து, தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சிகிச்சையை விளக்கியபடி அவர் தோளில் கை வைத்தார். இளைஞர் விம்மி அழுதார். தவறாக ஏதும் சொல்லிவிட்டோமோ எனக் கலங்கிய மருத்துவருக்கு உதவியாளர் காரணத்தைக் கேட்டுச் சொன்னார்: இங்கே வரும்வரை பல ஆண்டுகளாக எவருமே அவரைத் தொட்டதில்லை.

தொடுகை தொழுநோயைத் தீர்ப்பதில்லை. அதைத் தீர்த்தது டாப்சோனும், 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சையுமே. அப்படியானால் தொடுகை எதற்கு? விலகி நிற்பவன் நோயைப் பார்க்கிறான். நெருங்கித் தொடுபவனே நோயாளியை அறிகிறான். செங்கற்பட்டில் மருத்துவர் கையைக் கொடுத்திராவிட்டால், உயிருள்ள தசைகளை அன்று அவர் அறிந்திருக்கமாட்டார். கருணை அறிவுக்கு மாற்றன்று, அறிவுக்கு வாயில்.

அவ்வாயில் வழியே பிறரும் நுழைந்தனர். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த இளம் மருத்துவர் மேரி வர்கீசிடம், கைகள் எஞ்சியிருக்கின்றன என்பதை நினைவூட்டியவர் பிராண்ட். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் தொழுநோயாளரின் மடங்கிய கைகளைத் திறந்தார். 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியின் பயன். தூக்கிவிடப்பட்டவர் பிறரைத் தூக்கிவிட்டார்.

நம் சட்டங்கள் மெதுவாகவே கை நீட்டின. நோயாளரைப் பிரித்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணமாக வைத்திருந்த விதிகள் 2019இல் விலக்கப்பட்டன. சட்டப் புத்தகத்திலிருந்து விலக்கை அகற்ற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு தோளில் கை வைக்க ஒரு கணம் போதும். அந்தக் கணத்துக்காக எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதே இவ்வரலாறு நம்மிடம் கேட்கும் கேள்வி.