மேக்ஸ் பார்னும் பெங்களூர் பேராசிரியர் பதவியும்

1933 ஏப்ரலில் ஹிட்லர் அரசு கொண்டுவந்த அரசுப் பணியாளர் சட்டம் ஜெர்மனியின் யூதப் பேராசிரியர்களைப் பதவியிலிருந்து வெளியேற்றியது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் பார்ன் அவர்களில் ஒருவர். குவாண்டம் இயக்கவியலை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர். ஹைசன்பர்க்கும் பாலியும் அவரிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள்.

வெளியேறிய அறிஞர்களுக்கு வேலை தேடித்தர அதே ஆண்டில் லண்டனில் கல்வியாளர் உதவிக் குழு தொடங்கப்பட்டது. ரூதர்ஃபோர்டு அதன் தலைவர். ஆனால் கிடைத்தவை பெரும்பாலும் தற்காலிகப் பணிகளே. பார்னுக்கும் கேம்பிரிட்ஜில் அப்படியொரு விரிவுரையாளர் பணிதான் அமைந்தது. ஒரு துறையையே நடத்தியவர் ஐம்பது வயதுக்கு மேல் ஒப்பந்தம் எப்போது முடியும் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். ஐரோப்பா துரத்தியவர்களை இந்தியா பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இரக்கத்தைவிட இதில் கணக்கே அதிகம். இயற்பியலில் கோட்பாட்டுப் பிரிவு ஒன்றை வளர்க்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. அவர் அழைப்பின் பேரில் 1935இல் பார்ன் மனைவி ஹெடியுடன் பெங்களூர் வந்தார். அங்கே நாகேந்திரநாத்துடன் சேர்ந்து ஆய்வும் செய்தார்.

அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தர ராமன் முயன்றார். நிறுவனத்தின் பணத்தை ராமன் இயற்பியலுக்கே இழுக்கிறார் என்று பிற துறைகளில் ஏற்கெனவே குமுறல் இருந்தது. நடந்ததைப் பார்ன் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கூட்டத்தில் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாடே விரட்டிய இரண்டாந்தர அந்நியர் இந்த நிறுவனத்துக்குப் போதாது என்ற பொருளில் பேசினார். பார்ன் அப்போது அவையிலேயே உட்கார்ந்திருந்தார். ஆஸ்டனும் இந்தியாவுக்குக் கடல் கடந்து வந்தவர்தான். ஆனால் ஆளும் நாட்டிலிருந்து வந்தவர்.

பதவி கைகூடவில்லை. பார்ன் 1936இல் இங்கிலாந்து திரும்பினார். கபிட்சா மாஸ்கோவுக்கு அழைத்திருந்ததால் ருஷ்ய மொழிகூடப் படிக்கத் தொடங்கினார். அந்த ஆண்டே எடின்பரோ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. 1954இல் நோபல் பரிசு வந்தது. ராமனோ நிர்வாகம் பற்றிய விசாரணைக்குப் பிறகு 1937இல் இயக்குநர் பதவியை விட்டார்.

பார்னின் தங்கை மகன் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கருக்குப் பெங்களூர் வேறு மாதிரி அமைந்தது. அவர் கட்டடக் கலைஞர். 1933இல் ஜெர்மனியை விட்டு எகிப்து சென்றவர். திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில், 1939இல், மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். இங்கே படிப்புக்கேற்ற பதவி நேராகக் கிடைத்தது. தடுக்க ஒரு பேராசிரியர் அவை குறுக்கே இல்லை. மாமாவுக்கு இடம் தராத அறிவியல் நிறுவனத்தின் வளாகத்தில், விமானப் பொறியியல் துறை உட்படச் சில கட்டடங்களை அவர் வடிவமைத்தார். 1948இல் டெல்லிக்குச் சென்று, பிரிவினையில் வீடிழந்து வந்தவர்கள் குடியேறும் ஊர்களைத் திட்டமிடும் பொறுப்பை ஏற்றார்.