செப்டம்பர் 5: விமானத்துக்குள் ஒரு தகவல் போய்ச் சேர்ந்த கதை



செப்டம்பர் 5 என்றால் பழைய மாணவர்கள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சாக்பீஸ் பிடித்த கைக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் அந்தத் தேதிக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986 செப்டம்பர் 5. பம்பாயிலிருந்து பிராங்க்பர்ட் வழியாக நியூயார்க் போகவேண்டிய பான் ஆம் 73 விமானம் அதிகாலையில் கராச்சியில் நின்றிருந்தது. விமான நிலையக் காவலர் போல உடுத்திய நான்கு பேர் துப்பாக்கியோடு உள்ளே ஏறினார்கள். அந்தச் சில விநாடிகளில் பணிப்பெண்கள் செய்த முதல் காரியம், கடத்தல் நடக்கிறது என்ற தகவலை விமானிகளுக்குத் தெரிவித்தது. விமானிகளின் அறை அந்த ஜம்போ விமானத்தின் மேல்தளத்தில் இருந்தது. கடத்தல்காரர்கள் அங்கே போவதற்குள் மூன்று விமானிகளும் கூரையிலிருந்த அவசர வழியாக இறங்கிவிட்டார்கள்.

இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஓட்ட ஆள் இல்லாத விமானத்தை எங்கேயும் கொண்டுபோக முடியாது. விமானம் தரையிலேயே நின்றது. ஆனால் அதற்கான விலையை உள்ளே இருந்தவர்கள் கொடுத்தார்கள். மூத்த பணிப்பெண் நீரஜா பனோட்டுக்கு இரண்டு நாளில் 23 வயது நிறைய இருந்தது. அமெரிக்கர்கள் யார் என்று பார்க்க எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கச் சொன்னார்கள். பணிப்பெண்கள் வாங்கினார்கள், அமெரிக்கப் பாஸ்போர்ட்டுகளை மட்டும் இருக்கைகளுக்கு அடியில் தள்ளி மறைத்தார்கள். சுமார் 17 மணி நேரம் கழித்து மின்சாரம் தீர்ந்து உள்ளே இருட்டியதும் கண்மூடித்தனமாகச் சுட ஆரம்பித்தார்கள். கதவுகள் திறக்கப்பட்டன, ஜனங்கள் குதித்தார்கள். பயணிகளை வெளியேற்றிக்கொண்டிருந்த நீரஜா குண்டடிபட்டு இறந்தார். குறைந்தது 20 பேர் பலியானார்கள், நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள். நீரஜாவுக்கு அசோக சக்ரா விருது மறைவுக்குப் பின் தரப்பட்டது.

அவருடைய துணிச்சலை எல்லோரும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அதோடு அந்த முதல் தகவலையும் பேச வேண்டும் என்பது என் கட்சி. தகவல் போய்ச் சேராத இரண்டு விமானங்களைப் பார்த்தால் காரணம் புரியும்.

1989 ஜனவரி 8. லண்டனிலிருந்து பெல்பாஸ்ட் போன விமானத்தில் இடது என்ஜின் விசிறித் தகடு உடைந்தது. விமானிகள் தவறுதலாக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது என்ஜினை நிறுத்திவிட்டார்கள். வலது என்ஜினில் கோளாறு என்று ஒலிபெருக்கியில் கேப்டன் அறிவித்தார். இடது பக்கம் நெருப்பு வந்ததைப் பயணிகளும் பணியாளர்களும் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஒருவரும் முன்னால் போய்ச் சொல்லவில்லை. கெக்வொர்த் என்ற ஊரருகே விழுந்தது. 47 பேர் இறந்தார்கள்.

இரண்டே மாதத்தில், மார்ச் 10 அன்று, கனடாவில் டிரைடன் என்ற ஊர். இறக்கையில் பனி படிந்திருப்பதைப் பணிப்பெண் பார்த்தார். பயணிகளாக உட்கார்ந்திருந்த விமானிகளும் பார்த்தார்கள். ஓட்டுபவர்களுக்குத் தெரியாததையா நாம் சொல்லப்போகிறோம் என்ற தயக்கம். கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து 69 பேரில் 24 பேர் இறந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்னால் வடம் பிடிப்பவருக்குச் சக்கரம் தெரியாது. சக்கரத்தடியில் கட்டை போடுகிறவருக்குத்தான் தெரியும். அவர் கத்தினால் மொத்தக் கூட்டமும் நிற்க வேண்டும். அங்கே பெரியவர் சின்னவர் பார்க்க முடியுமா?

விமான உலகம் இதை மெதுவாகத்தான் கற்றது. 1930-இல் எலன் சர்ச் என்ற நர்ஸ் முதல் பணிப்பெண்ணாக ஏறியபோது, பயணிகளின் பயத்தைப் போக்குவதுதான் முக்கிய வேலை. 1980களில் விமானிகள் ஒருவரிடம் ஒருவர் தயங்காமல் பேசத் தனிப் பயிற்சி வந்தது. பணிப்பெண்களையும் அதில் சேர்த்துக்கொள்ள, மேலே சொன்ன மாதிரி விபத்துகள் தேவைப்பட்டன. இன்று அவசரம் என்றால் கேப்டன் பணியாளர் தலைவரை அழைத்து நான்கு விஷயம் சொல்வார்: என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, விசேஷமாக ஏதாவது உண்டா. கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னதற்கு என்னைத் திட்டிய மாணவர்கள் கவனிக்கவும்!

விமானிக்கும் பணியாளருக்கும் இடையே வழி திறந்துவிட்டது. பணியாளருக்கும் பயணிக்கும் இடையே?

2016 ஆகஸ்ட் 3. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் 521 தரையில் மோதிச் சறுக்கித் தீப்பிடித்தது. நம் தென்காசி, ராஜபாளையம் பக்கத்து ஆட்களும் பிடிக்கிற வழி அது. உள்ளே 300 பேர். பைகளை விட்டுவிட்டு வாருங்கள் என்று பணியாளர்கள் கத்தியும், பலர் மேலே இருந்த பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த காட்சி செல்போனில் பதிவாகி உலகம் முழுக்கச் சுற்றியது. அவசரச் சறுக்குகளில் சில காற்றிலும் புகையிலும் பயன்படாமல் போயின. ஆனாலும் 300 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். கடைசிவரை உள்ளே ஆள் தேடியவர்கள் கேப்டனும் மூத்த பணியாளரும். விமானம் நின்ற ஒன்பது நிமிடத்தில் எரிபொருள் தொட்டி வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார்.

பெட்டியை எடுத்தவர்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன். இரண்டு வருட உழைப்பும் காகிதங்களும் அதில்தான் இருக்கும். ஆனால் ஒரு விமானத்தின் எல்லாப் பயணிகளும், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, 90 விநாடியில் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் அந்த ரகத்துக்கு அனுமதி. அந்தக் கணக்கில் பெட்டிக்கு இடம் கிடையாது.

மொழியும் இதில் சேர்கிறது. நான் போன விமானத்தில் பாதுகாப்பு அறிவிப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தது. பக்கத்தில் இருந்த தம்பி கட்டட வேலைக்குப் போகிறவர், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். புரியாததைக் கேட்டு என்ன செய்ய? தமிழில் அறிவிப்பு வேண்டும் என்பதை மொழிப்பற்று என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது சீட் பெல்ட் மாதிரி.

அறிவிப்பு வரும்வரை நாமே சொல்லிக்கொடுக்கலாம். 'பிரேஸ்' என்றால் குனிந்து தலையைக் காத்துக்கொள். 'லீவ் எவ்ரிதிங்' என்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வா. 'ஜம்ப்' என்றால் உட்காராதே, குதி. உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் கதவுவரை எத்தனை வரிசை என்று எண்ணி வைத்துக்கொள், புகையில் கை தடவித்தான் போக வேண்டும்.

ஷார்ஜா கிளம்பிய எங்கள் தெருப் பையனுக்கு இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "பாஸ்போர்ட் பையில இருக்குமே சார்?" என்றான். ஏறும்போதே சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.