ஏழைக்காக வாதாடக் கற்றவர்கள்

1931-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில், சரக்கு இரயிலில் சென்றுகொண்டிருந்த கறுப்பின இளைஞர் ஒன்பது பேர் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பதின்வயதினர். வெள்ளைப் பெண்கள் இருவரைக் கெடுத்தனர் என்பது அவர்கள்மீது சாற்றப்பட்ட குற்றம். அது பொய்யென்று அப்பெண்களில் ஒருவரே 1933-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கு ஈராண்டுகள் முன்னரே, 1931 ஏப்ரல் 6-இல் ஸ்காட்ஸ்பரோ நகரில் தொடங்கிய விசாரணை நான்கே நாட்களில் எண்மருக்கு மரண தண்டனை விதித்து முடிந்துவிட்டது.

அவர்களுக்கு வழக்குரைஞரே இல்லையா எனில், பெயரளவில் இருவர் இருந்தனர். ஒருவர் அண்டை மாநிலத்தவர். நிலம், வீடு தொடர்பான வழக்குகளில் பழகியவர். அலபாமா நடைமுறையை அறியாதவர். மற்றவர் எழுபதை நெருங்கிய முதியவர். நீதிமன்றத்தில் வாதாடிப் பல்லாண்டுகள் ஆனவர். விசாரணை நாள் காலையில்தான் இருவரும் பொறுப்பேற்றனர். அருகில் வழக்குரைஞர் நின்றதனால் மட்டும் அவ்விளைஞர்களுக்கு யாதொரு பயனும் விளையவில்லை என்பதை இளைஞர்கள் இங்கே கருத்தில் கொள்ள வேண்டும். 1932 நவம்பர் 7-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே காரணம் காட்டி அத்தீர்ப்புகளைத் தள்ளியது.

இக்குறையை வேரிலேயே கண்டவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் (1895–1950). ஹார்வர்டில் சட்டம் பயின்ற இக்கறுப்பினப் பேரறிஞர், வாஷிங்டன் நகரிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் பொறுப்பை 1929-இல் ஏற்றார். அதுவரை அஃது பெரும்பாலும் இரவுக் கல்லூரியாகவே நடந்து வந்தது. பகலில் உழைத்து இரவில் படித்தோரே அதன் மாணவர். ஹூஸ்டன் இரவு வகுப்புகளை மூடி, முழுநேரப் பகற் கல்லூரியாக அதனை மாற்றினார். பழைய மாணவர் பலர் கொதித்தெழுந்தனர். அவர்தம் சினம் நியாயமற்றதெனச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இரவுப் பள்ளியின் அருமையை நம்மைவிட அறிந்தோர் யார்? ஆயினும் ஹூஸ்டனின் கணக்கு வேறு. அரைகுறைப் பயிற்சியோடு நிற்கும் வழக்குரைஞனால் கறுப்பின மனிதனின் உயிர் போகும் என்பதே அவர் கண்ட உண்மை.

வழக்குரைஞன் சமுதாயத்தைச் செப்பனிடும் பொறியாளனாக இருத்தல் வேண்டும், இன்றேல் அவன் பிறரை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணியே என்று அவர் மாணவர்க்குப் போதித்தார். நூற்கல்வியோடு நில்லாமல் நீதிமன்றங்களுக்கும் சிறைகளுக்கும் அவர்களை அழைத்துச் சென்றார். அவருடைய கண்டிப்பைக் கண்டு மாணவர் பட்டப்பெயர் வைத்தனர். பலர் பாதியிலேயே விலகினர். நிலைத்து நின்றோருள் ஒருவரே 1933-இல் வகுப்பில் முதல்வராகத் தேறிய தர்குட் மார்ஷல். பிற்காலத்தில், 1967-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதிபதியாக அமர்ந்தவர் அவரே.

அதே 1933-இல் வர்ஜீனியா மாநிலத்தில் கொலைக் குற்றஞ்சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் ஒருவருக்காக, முழுதும் கறுப்பின வழக்குரைஞரே அடங்கிய குழுவோடு ஹூஸ்டன் வாதாடினார். விடுதலை கிட்டவில்லை, ஆயுள் தண்டனை கிடைத்தது. மின்சார நாற்காலியே முடிவென்று ஊரார் எண்ணியிருந்த இடத்தில் ஓர் உயிர் மிஞ்சியது.

1961-இல் புளோரிடாவில் கிதியோன் என்னும் ஏழை வெள்ளையர், வழக்குரைஞர் கேட்டும் மறுக்கப்பட்டு, தாமே வாதாடித் தோற்றார். ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சிறையிலிருந்து பென்சிலால் எழுதியனுப்பிய மனுவின்மீது, கொடுங்குற்ற வழக்குகளில் ஏழைக்கு அரசே வழக்குரைஞர் தரவேண்டுமென 1963 மார்ச்சு 18-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பின இளைஞர் வழக்கில் வெட்டிய பாதையிலே வெள்ளையரும் நடந்தார்! மறு விசாரணைக்கு வந்த வழக்குரைஞர் முன்கூட்டியே ஊரில் விசாரித்து, முதன்மைச் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் குலைத்தார்; கிதியோன் விடுதலையானார்.

இதன்பின் பல மாநிலங்களில் பொது வழக்குரைஞர் அலுவலகங்கள் எழுந்தன. கல்லூரியை விட்டு நேற்று வந்தவர் தலையில் மலைபோல் வழக்குகள் விழுந்தன. எனவே வேலையில் சேர்ந்தபின்னும் கற்கும் முறை தோன்றிற்று. ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் 1985-இல் எதிர்வாத வழக்குரைஞர்க்கெனத் தனிக் கல்லூரி நிறுவப்பட்டது. 2007-இல் தென் மாநிலங்களின் இளம் பொது வழக்குரைஞர்க்கெனப் பயிற்சி மையம் ஒன்று எழுந்தது. இத்தகைய இடங்களில் சொற்பொழிவு கேட்பதோடு பயிற்சி முடிவதில்லை. மாணவர் எழுந்து நின்று சாட்சியை விசாரித்துக் காட்டுவர், மூத்தோர் பிழை சுட்டுவர், மீண்டும் செய்வர்.

நம் நாட்டிலும் 1951-ஆம் ஆண்டிலேயே ஐதராபாத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் ஸ்காட்ஸ்பரோ தீர்ப்பை ஆராய்ந்துள்ளது. இலவசச் சட்ட உதவி 1976-இல் அரசியலமைப்பின் 39-அ பிரிவாகச் சேர்ந்தது. அதற்கான சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் மத்தியப் பிரதேசத்தில் 2013-இல், வழக்குரைஞரை அமர்த்திய அன்றே குற்றச்சாட்டு வரைந்து, இரு வாரத்துக்குள் ஒருவருக்குத் தூக்கு விதித்தனர். 2019 டிசம்பர் 18-இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளி, ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய வழக்குகளில் நீதிமன்றம் அமர்த்தும் வழக்குரைஞர் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் உடையவராதல் வேண்டும் என்றும், ஆயத்தம் செய்ய அவருக்குக் குறைந்தது 7 நாள் தரவேண்டும் என்றும் விதித்தது.