கட்டிலுக்கு அடியில் பிறந்த பெட்டி

பழைய காலத்துப் பயணப் பெட்டிகளுக்கு மூடி கூன் விழுந்திருக்கும். குதிரை வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு போகும்போது மழைத்தண்ணீர் தேங்காமல் வழிய வேண்டும், அதற்காக. நீராவிக் கப்பலும் ரயிலும் வந்தபிறகு இந்தக் கூன் தொந்தரவாகிவிட்டது. பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கூன் மூடியின் மேல் எது நிற்கும்? பாரிஸில் 1854ல் கடை போட்ட லூயி வுய்த்தோன், 1858ல் தட்டை மூடி வைத்து, தண்ணீர் இறங்காத சாம்பல் நிறத் துணியைப் போர்த்தி ஒரு பெட்டி செய்தார். இன்றைக்கு அவர் பெயர் போட்ட கைப்பை கொள்ளை விலை. அன்றைக்கு அவருடைய தொழில், பணக்கார வீட்டுத் துணிமணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பது. பிரெஞ்சுப் பேரரசி யூஜெனியின் உடைகளை அடுக்கிக் கொடுத்தவர் அவர்தான். பெட்டிக்குள் எது நசுங்கும், எது கசங்கும் என்று கையால் தெரிந்தவர்.

அடுத்த மாற்றத்தைக் கப்பலே செய்தது. கேபினில் படுக்கைக்கு அடியில் இருந்த சந்துதான் அளவுகோல். அதில் நுழையும்படி சுமார் 14 அங்குல உயரத்தில் தட்டையாக ஒரு பெட்டி பிறந்தது. கேபின் ட்ரங்க், ஸ்டீமர் ட்ரங்க் என்று சொல்வார்கள். பெரிய பெட்டிகளெல்லாம் கப்பலின் வயிற்றுக்குள் போய்விடும். அதனால் ஏறும்போதே லேபிள் ஒட்டிப் பிரித்துவிடுவார்கள்: கேபினுக்குப் போவது, வழியில் தேவைப்படுவது, கரை சேரும்வரை தேவையே படாதது. லண்டனிலிருந்து பம்பாய் வருகிறவருக்குச் சூயஸ் தாண்டியதும் கம்பளி உடை வேண்டாம், மெல்லிய உடை வேண்டும். அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யோசித்துத்தான் லேபிள் ஒட்ட வேண்டும். சரக்கு அறையை நினைத்த நேரத்துக்குத் திறந்துவிட மாட்டார்கள்.

இன்னும் வசதி உள்ளவர்களுக்கு நிமிர்ந்து நிற்கிற அலமாரிப் பெட்டி வந்தது. புத்தகம்போலப் பிரித்தால் ஒரு பக்கம் கோட்டு மாட்டும் கொக்கிகள், மறுபக்கம் இழுப்பறைகள். காலிப் பெட்டியையே ஒற்றை ஆள் தூக்குவது கஷ்டம். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் வைத்திருந்தவர்கள் யாரும் அதைத் தூக்கவில்லை. பெட்டியின் கதையை எனக்குத் திறந்துவிட்ட சாவி இதுதான். எவ்வளவு பெரிது, என்ன கனம், எங்கே கைப்பிடி என்பதெல்லாம் உள்ளே வைக்கிற சாமானைப் பொறுத்ததல்ல. தூக்கப்போவது யார் என்பதைப் பொறுத்தது.

பெட்டியைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுப் பட்ட பாட்டுக்கு நம்மிடமே நல்ல சாட்சி உண்டு. 1888 செப்டம்பர் 4ஆம் தேதி பம்பாயிலிருந்து 'கிளைட்' கப்பலில் ஏறிய பதினெட்டு வயதுப் பையன், வழியெல்லாம் கறுப்பு சூட்டில் இருந்தான். சாப்பாட்டு மேசைக்குப் போகக் கூச்சப்பட்டு, கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் கேபினுக்குள்ளேயே உட்கார்ந்து தின்றான். கரையில் கால் வைக்கும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று நண்பர்கள் வாங்கித் தந்த வெள்ளை ஃப்ளானல் சூட்டைத் தனியாக எடுத்து வைத்திருந்தான். அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால், செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் வெள்ளை உடுத்தியிருந்தது அவன் ஒருவன்தான். மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டிகளைச் சாவியோடு கிரிண்ட்லே கம்பெனி ஏஜென்டிடம் ஒப்படைத்தாகிவிட்டது. மறுநாள் ஞாயிறு, பெட்டி வராது. கூசிப்போய் அதே வெள்ளையோடு லண்டன் ஓட்டலில் இருந்ததைக் காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கையோடு ஒரு மாற்றுடை வைத்துக்கொள் என்று இன்றைக்குக் கப்பல் பயணிகளுக்குச் சொல்கிற புத்திமதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அவரே 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரை மேலமாசி வீதியில் அரையாடைக்கு மாறினார். அதற்குப் பிறகு அவருக்குப் பெட்டியே தேவைப்பட்டிருக்காது என்றுதான் நினைப்போம். ஆனால் 1931ல் வட்டமேசை மாநாட்டுக்கு 'ராஜபுதானா' கப்பலில் போனபோது, கூட வந்தவர்கள் அன்பளிப்பாக வந்ததையெல்லாம் பெட்டி பெட்டியாக ஏற்றியிருந்தார்கள். கணக்குக் கேட்டுக் கோபித்துக்கொண்டார். ஏடன் துறைமுகத்தில் ஏழு பெட்டிகள் இறக்கித் திருப்பி அனுப்பப்பட்டன. பயணம் கிளம்பியபிறகு மூட்டையைக் குறைத்தவர்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு.

தென் மாவட்டத்து ஆட்களின் கப்பல் வேறு. 1926ல் கிளாஸ்கோவில் கட்டிய 'ரஜூலா', சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேல் டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. டெக்கில் படுக்கையும் கிடையாது, படுக்கைக்கு அடியில் சந்தும் கிடையாது. பாயை விரித்தால் அதுதான் இடம். தலைமாட்டில் தகர ட்ரங்குப் பெட்டி. அது மேசை, நாற்காலி, பக்கத்து ஆளுக்கும் நமக்கும் நடுவே சுவர், எல்லாமே. தகரம் ஏன் என்றால் மலிவு, கரையான் அரிக்காது, பூட்டுப் போடலாம். தலையில் தூக்கிவிட்டால் ஒரு ஆள் நடந்துவிடலாம். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் பேரும் ஊரும். 1970களில் ரஜூலாவின் இடத்துக்கு 'சிதம்பரம்' வந்தது. 1966ல் 'பஸ்தேர்' என்ற பெயரில் ஓடத் தொடங்கிய பிரெஞ்சுக் கப்பல் அது. 1985ல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பயணிகள் இறந்தார்கள். அந்தப் போக்குவரத்து அதோடு முடிந்தது.

சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குச் சக்கரம் வைத்து ஐயாயிரம் வருஷமாகிறது. பெட்டிக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்? கூலி ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்வரை யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் தானே இழுத்துத் திரிந்தவர்களுக்குத்தான். அனிதா வில்லெட்ஸ் பர்னம் என்ற அமெரிக்க ஓவியர் 1928ல் சிக்கனமாகக் குடும்பத்தோடு உலகம் சுற்றக் கிளம்பியபோது, குழந்தை வண்டியின் சக்கரங்களைக் கழற்றிப் பெட்டியில் மாட்டிக்கொண்டார். அது அவர் வீட்டு வசதியாகவே நின்றுபோனது. 1970ல் பெர்னார்ட் சாடோ அரூபா தீவில் குடும்பத்தோடு விடுமுறை கழித்துவிட்டு இரண்டு கனத்த சூட்கேஸ்களோடு சுங்க வரிசையில் நின்றார். பக்கத்தில் ஒரு தொழிலாளி சக்கரப் பலகையில் பெரிய இயந்திரம் ஒன்றைச் சாவகாசமாகத் தள்ளிக்கொண்டு போனார். சாடோ பெட்டிக் கம்பெனி அதிகாரி. ஊர் போய் நாலு சக்கரம் மாட்டி, ஒரு வார் கட்டி இழுத்துப் பார்த்தார். கடைக்காரர்கள் கையை விரித்தார்கள்: ஆம்பளை எவன் பெட்டியை இழுத்துக்கொண்டு போவான்? மேசீஸ் கடை கடைசியில் வாங்கிக்கொண்டது. 1972ல் காப்புரிமை கிடைத்தது. நாய்க்குட்டியைப் போல இழுத்தால் பின்னால் வரும், வளைவில் குப்புற விழும். 1987ல் ராபர்ட் பிளாத் என்ற விமானி அதை நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு சக்கரமும் நீள்கிற கைப்பிடியும் வைத்தார். முதலில் வாங்கியது விமானப் பணியாளர்கள். அவர்கள் விறுவிறுவென்று நடந்து போவதைப் பார்த்துப் பயணிகளுக்கும் ஆசை வந்தது.

நம் ஊரில் 1971ல் தொடங்கிய விஐபி, தகரத்தின் இடத்தைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றியது. மதுரைக் கல்யாணங்களில் சீர்த்தட்டு வரிசையில் சூட்கேஸும் ஒரு வரிசை. அதற்குச் சக்கரம் இல்லாதது யாருக்கும் குறையாகப் படவில்லை. ஜங்ஷனில் சிவப்புச் சட்டைக்காரர் துண்டைச் சும்மாடாகச் சுற்றி, ஒன்றுக்கு மேல் ஒன்று வைத்து, படியேறிப் போய்விடுவார். இன்றைய பெட்டிகளின் அடியில் சக்கரம் துருத்திக்கொண்டு சும்மாட்டில் உட்காருவதில்லை. படுக்கப்போட்டுத்தான் தூக்க வேண்டும். இது தலைக்காகச் செய்த பெட்டி அல்ல, பளிங்குத் தரைக்காகச் செய்தது. வில்லாபுரம் தாண்டி அவனியாபுரம், விமான நிலையம் என்று போகிற ரோட்டில் கார்களின் கூரை மேல் கயிறு போட்டுக் கட்டிப் போவதெல்லாம் அந்த ஜாதிதான்.

இந்தப் பக்கத்து ஆட்கள் மறுபடி கப்பலுக்கும் பெட்டி கட்டுகிறார்கள். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டெலியா சுற்றுலாக் கப்பல் கிளம்பியது. 1990ல் கட்டிய 'எம்ப்ரஸ்' கப்பல் அது. மறு வருஷம் ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றி வந்தது. பிழைக்கப் போகாமல் சும்மா போய்விட்டு வருகிற கடல் பயணம் நம் ஜனங்களுக்குப் புதுசு. மூட்டை கட்டுகிற கை மட்டும் பழசு. ஹவுசிங் போர்டில் பக்கத்து வீட்டு மதினி இட்லிப்பொடி, அயர்ன் பாக்ஸ், எக்ஸ்டென்ஷன் ஒயர், ஊதுபத்தி என்று கட்டில் மேல் பரப்பி வைத்திருந்தார்.

"அயர்ன் பாக்ஸ் எதுக்கு மதினி? கப்பல்ல பிடுங்கி வச்சுக்கிருவாங்க."

"அப்ப சுங்குடிச் சேலைய கசங்கலோடயே கட்டவா?"

பெரும்பாலான சுற்றுலாக் கப்பல்களில் அயர்ன் பாக்ஸ் மாதிரி சூடாகிற சாமானையும், கொளுத்தி வைக்கிற பொருளையும் அறைக்குள் விடுவதில்லை. ஊதுபத்தியும் அதில் அடக்கம். நடுக்கடலில் தீ என்றால் எந்தப் பக்கம் ஓடுவது? வீட்டுச் சாப்பாட்டையும் நிறைய கப்பல்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சுங்குடி ஈரக்கையால் நீவி மடித்து வைத்தாலே போதும் என்று மதினி கடைசியில் ஒத்துக்கொண்டார்.

பெட்டி விஷயத்தில் பழைய சட்டமே திரும்பியிருக்கிறது. துறைமுகத்தில் பெட்டியைக் கொடுத்துவிட வேண்டும். ஆட்கள் தூக்கிப் போய் அறை வாசலில் வைக்கச் சாயங்காலம் ஆகிவிடும். ஆகவே மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை கைப்பையில். அறை சின்னது. பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் போகும், துணிப்பெட்டி என்றால் அமுங்கி நுழைந்துவிடும், கெட்டிப் பெட்டி என்றால் உயரத்தை அளந்து வாங்க வேண்டும். பெரிய கப்பல்களில் கடைசி ராத்திரி பெட்டியைப் பூட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் படுக்கச் சொல்வார்கள். விடிவதற்குள் எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டுமே. சுத்தமாக அடுக்குகிறேன் பேர்வழி என்று மறுநாள் கட்டவேண்டிய சேலையையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால், நைட்டியோடுதான் துறைமுகத்தில் இறங்க வேண்டும்.